பூட்டுதல்

ஆய்வேட்டின் வரையறைக்குள் அடங்காமல் வெளியே நின்றுவிட்ட ஒரு பகுதியை இங்கே பதிவு செய்து வைக்கிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழ் பேசும் உழவர்களிடையே வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுப்பது என் ஆய்வு. ஏர், மேழி, கொழு, நுகம் என்று தொடங்கிய பட்டியல் டிராக்டர், ரோட்டவேட்டர், ஸ்லாஷர் என்று வந்து சேர்ந்தபோது பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய முழுவதும் மாறியிருந்தன. வினைச்சொற்களில் ஒன்று மட்டும் மாறவே இல்லை. மாட்டை ஏரில் பூட்டினார்கள். இன்று டிராக்டரில் ஸ்லாஷரைப் பூட்டுகிறார்கள். அச்சொல்லுக்கு இருக்கும் மற்றொரு பொருளை இந்தப் பதிவின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்வேன். முதலில் இடத்தையும் பொறியையும் சொல்லிவிடுகிறேன்.

பெருமாட்டி என்றதும் ஆய்வுலகத்துக்கு நினைவு வருவது பிளாச்சிமடை. 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை, 2002 ஏப்ரலில் தொடங்கிய மக்கள் போராட்டம், 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த ஊராட்சி, 2004-இல் ஆலை மூடப்பட்டது ஆகியவை குறித்து நூல்களும் ஆய்வேடுகளும் ஏராளம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அதே ஊராட்சியின் தென்னந்தோப்புகளில் அன்றாடம் நடக்கும் வேலை எந்த ஆய்வாளரின் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. நிலத்தடி நீர் குறைந்தால் ஓர் ஊரே கூடுகிறது. ஒரு கூலியாளின் விரல் போனால் அது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாடே என்னை இதை எழுதத் தூண்டியது.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதி இது. கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைவு, காற்று மிகுதி. கரிசல் மண்ணும் உண்டு. மீனாட்சிபுரம், கன்னிமாரி, மூலத்தறை, வண்டித்தாவளம் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் தென்னை. இங்குள்ள தோப்புகளில் ஒரு தனித்தன்மை உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்ட கள், எல்லைக்கு இப்பால் உரிமத்தோடு இறக்கப்படுகிறது. சித்தூர்க் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. ஆகவே இத்தோப்புகள் ஒருபோதும் ஆளற்று இருப்பதில்லை. பாளை சீவவும் கள் இறக்கவும் காலையும் மாலையும் ஒருவர் மரத்தில் இருப்பார், அல்லது ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடந்துகொண்டிருப்பார். கறவை மாட்டுக்குப் புல்லறுக்கும் பெண்கள் வரப்போரம் குனிந்திருப்பார்கள். வெட்டியந்திரம் ஒன்றை இத்தகைய இடத்தில் ஓட்டுவது ஆளில்லாப் புல்வெளியில் ஓட்டுவது போன்றதன்று.

ஸ்லாஷர் என்பது டிராக்டரின் பின்புறம் பூட்டப்படும் ஓர் இரும்புத் தளம். தலைகீழாகக் கவிழ்த்த பெரிய தாம்பாளம் என்று கொள்ளலாம். அதன் நடுவே ஒரு கியர் பெட்டி; அதிலிருந்து கீழிறங்கும் அச்சு; அச்சின் முனையில் ஒரு தட்டு; தட்டின் விளிம்பில் கீல்போல் ஆடும் இரண்டு கனத்த கத்திகள். ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறி, மேல்மண்ணில் பரவிய தென்னை வேர்களையும் அறுத்துவிடுகிறது. ஸ்லாஷரோ மண்ணைத் தொடாமல் களையை மட்டும் வெட்டி, அங்கேயே மூடாக்காகப் பரப்பிவிடுகிறது. ஈரம் காக்க வேண்டிய நிலத்துக்கு இது நல்ல முறை. களை வெட்ட ஆள் கிடைக்காத காலத்துக்கும் இதுவே வழி. இந்தப் பொறி வேண்டாம் என்பது என் கருத்தன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேலைநாடுகளில் வீட்டுத் தோட்டங்களில் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளின் அடியில் இருப்பதும் இதே தளம்தான், அளவு சிறியது. புல்வெட்டியின் வரலாறு நெசவாலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளை நறுக்கும் உருளைக் கத்தியைக் கண்டு, அதையே புல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று எட்வின் பட்டிங் 1830-இல் முதல் புல்வெட்டியை உருவாக்கினார். அது கத்தரிக்கோல் முறை: இரண்டு விளிம்புகளுக்கிடையே புல் நறுக்கப்படும். நாம் பேசும் சுழல்கத்தி வேறு இனம். அரிவாள் புல்லைக் கையில் பிடித்து அறுக்கிறது. கத்தரி இரு விளிம்புகளால் பிடித்து நறுக்குகிறது. சுழல்கத்தி எதையும் பிடிப்பதில்லை, அடிக்கிறது. பிடிமானம் இல்லாததை வெட்டுவதற்கு அதற்கு இருக்கும் ஒரே துணை வேகம். ஆகவே இதன் ஆபத்து கூர்மையில் இல்லை. மழுங்கிய ஸ்லாஷர் கத்தியும் அதே ஆபத்தோடுதான் சுழல்கிறது.

அந்த வேகத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. டிராக்டரின் பின்புறம் விசையை வெளியே தரும் அச்சை எங்கள் பக்கம் பி.டி.ஓ. என்றே சொல்வார்கள். அதன் நிலைத்த வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. கியர் பெட்டி அதை ஒன்றரை மடங்காக உயர்த்துகிறது என்று கொண்டால் கத்தி விநாடிக்கு 13 முறைக்கு மேல் சுற்றும். ஐந்தடி அகலத் தளத்தில் கத்தி நுனி விநாடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர் கடக்கிறது. மணிக்கு 230 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபடும் ஒரு கல்லோ, சிரட்டைத் துண்டோ, வேலிக்கம்பித் துணுக்கோ புல்லைப்போல் அங்கேயே விழுவதில்லை.

இனிப் பூட்டுதலுக்கு வருகிறேன். நான் பல நாட்கள் உடனிருந்து கவனித்த ஓட்டுநர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், மாடு பூட்டி உழுத கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். சித்திரையில் நல்லேர் பூட்டிய வீடு அவருடையது. விஷுவுக்குச் சால் ஓட்டும் அண்டை வீட்டாரின் வழக்கத்தையும் அறிந்தவர். அவர் ஸ்லாஷரைப் பூட்டும் ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. சமதரையில்தான் பூட்டுவார். முதலில் இடது கீழ்க்கை, பிறகு வலது கீழ்க்கை, கடைசியாக மேல்கை. வலது கையில்தான் உயரத்தைத் திருத்தும் திருகு இருக்கிறது என்பதால் அது இரண்டாவது. ஒவ்வொரு முளைக்கும் அதன் பூட்டூசியை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவார். ஆணியையோ கம்பித் துண்டையோ வளைத்துச் செருகுவதை அவர் ஏற்பதில்லை. இவையெல்லாம் முடிந்தபின், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, விசையைக் கடத்தும் இணைப்புத் தண்டை மாட்டுவார்.

அந்தத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. தளத்தைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அதன் நீளம் மாறுகிறது. மிக நீண்ட நிலையிலும் இரு குழாய்களும் போதிய அளவு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். மிகக் குறுகிய நிலையிலும் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் கியர் பெட்டியின் தாங்கி உடையும்; கழன்றால் ஒன்பது சுற்று வேகத்தில் இரும்புத் தண்டு தரையை அறையும். ஆகவே புதிய தளம் வந்த முதல் நாளில், விசை கொடுக்காமல், தளத்தைக் கையால் மெல்ல ஏற்றி இறக்கி இதைச் சோதிக்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே திசையில் ஒத்து நிற்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தண்டின்மேல் ஒரு நெகிழி உறை வரும். தண்டு சுழன்றாலும் உறை சுழலாதபடி சிறு சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் முதலில் காணாமற்போவது இந்த உறைதான். கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றுவார்கள், திரும்ப மாட்டமாட்டார்கள். உறை இல்லாத தண்டின் குறுக்களவு ஏழு செண்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 22 செண்டிமீட்டர் துணியைச் சுருட்டும். விநாடிக்கு 9 சுற்று என்றால் ஏறத்தாழ 2 மீட்டர். நம் நாலு முழ வேட்டியின் நீளம் அதுதான். முந்தானையோ, லுங்கியோ, தோளில் கிடக்கும் துண்டோ முனை பட்டதை உணர்ந்து கையை எடுக்க மனிதனுக்கு முக்கால் விநாடியாவது வேண்டும். அதற்குள் ஒன்றரை மீட்டர் துணி போயிருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் பொறியின் அருகில் வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்றும், அந்த உடையை உரிமையாளரே வழங்க வேண்டும் என்றும் கூறியது. தென்னந்தோப்பு தொழிற்சாலை அன்று. ஆனால் தண்டு துணியைச் சுருட்டும் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே.

கத்திகளைப் பூட்டுவது அடுத்த நிலை. கத்திகளை இணையாகவே மாற்ற வேண்டும் என்று ஓட்டுநர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஏன் என்பதை எண்ணால் சொன்னால் மாணவர்களுக்குப் பயன்படும். ஒரு கத்தி மற்றதைவிட 50 கிராம் எடை குறைவு என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 70 செண்டிமீட்டர் தொலைவில், மேலே சொன்ன வேகத்தில், அந்த 50 கிராம் உண்டாக்கும் விசை ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமம். அது விநாடிக்கு 13 முறை திசை மாறி அச்சை இழுக்கிறது. முதலில் தளம் நடுங்கும், பிறகு மரைகள் தளரும், பிறகு விரிசல். உடைந்த கத்தியை வெல்டிங் செய்து மீண்டும் மாட்டும் பழக்கம் இதைவிடக் கொடியது. பதப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் தன் பதத்தை இழந்து நொறுங்கும் தன்மை கொள்கிறது. பட்டறைக்காரரின் திறமைக் குறைவு இதில் இல்லை. அது எஃகின் இயல்பு.

கல்லிலோ வேர்க்கட்டையிலோ கத்தி மோதினால் முறிந்து கொடுப்பதற்கென்றே பல தளங்களில் ஒரு மெல்லிய போல்ட் வைக்கப்பட்டிருக்கும். அது அடிக்கடி முறிகிறது என்று கடினமான போல்ட்டைப் போட்டுவிடுபவர்கள் உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டிய வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒரே தர்க்கம். போல்ட் முறியாவிட்டால் வேறு ஏதோ ஒன்று முறியும்.

ஓட்டுவதில் பெரும்பகுதி ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தோப்பை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கொச்சைக் கயிறு, கம்பி, செங்கல் துண்டு, களையில் மறைந்த வாய்க்கால் மதகு ஆகியவற்றை அகற்றவோ குச்சி நட்டு அடையாளமிடவோ வேண்டும். எங்கள் பகுதியின் தனித் தொல்லை சொட்டுநீர்க் குழாய். ஒவ்வொரு மரத்தடிக்கும் ஓடும் கருங்குழாய் களைக்குள் கிடக்கும். அதை எடுத்து மரத்தில் சுற்றி வைக்காவிட்டால் கத்தி அதைக் கவ்வி அச்சில் சுற்றிக்கொள்ளும். வெட்டுத்தளத்தின் பின்விளிம்பில் தொங்கும் சங்கிலிகள் பறக்கும் கல்லைத் தடுப்பவை; அவற்றில் நான்கு அறுந்திருந்தால் அந்த இடைவெளி வழியேதான் கல் வரும். வெளிநாட்டுக் கையேடுகள் சில, 300 அடிக்குள் எவரும் இருக்கக் கூடாது என்கின்றன. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் அது 12 வரிசை மரங்கள். கள் இறக்குபவரும் புல்லறுப்பவரும் அன்றைய பொழுதில் அந்த 12 வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றால், அதை ஓட்டுநர் ஒருவரால் செய்ய முடியாது. தோப்பு உரிமையாளர் முதல்நாளே எல்லோருக்கும் சொல்லி, நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாளை சீவும் நேரம் மாறாது. களை வெட்டும் நேரத்தை மாற்றலாம்.

வண்டியின் சேற்றுக்காப்பில் சிறுவர்களை அமர்த்திக்கொள்ளக் கூடாது, பின்னோக்கி ஓட்டும்போது கத்தியைச் சுழலவிடக் கூடாது, தளத்தைத் தூக்கித் திரும்பும்போது இணைப்புத் தண்டு அளவுக்கு மீறி வளையும்படி உயர்த்தக் கூடாது, வரப்புச் சரிவில் குறுக்கே ஓட்டக் கூடாது என்பவற்றை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

நீட்டி விளக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: 'நின்னுருச்சு'.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தோப்பு ஒன்றில், ஒடிசாவிலிருந்து வந்து உதவியாளாக வேலை செய்துவந்த ஓர் இளைஞர் இரண்டு விரல்களை இழந்தார். குழாய் சுற்றிக்கொண்டது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார், தளத்தைத் தூக்கினார், 'நின்னுருச்சு' என்றார். உதவியாள் குனிந்து குழாயை இழுத்தார். நடந்தது இவ்வளவே. பிறகு ஊரில் எல்லோரும் சொன்ன சொல் 'கவனக்குறைவு'. யாருடைய கவனக்குறைவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது.

நான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு டிராக்டரில் நிற்கக்கூடியவை நான்கு: வண்டி, பி.டி.ஓ., எஞ்சின், கத்தி. நான்கும் வேறு வேறு நேரங்களில் நிற்கின்றன. இரட்டைக் கிளச்சு உள்ள வண்டியில் மிதியைப் பாதி அழுத்தினால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. நிற்காது, முழுதும் அழுத்தினால்தான் அதுவும் நிற்கும். பி.டி.ஓ. நின்ற பிறகும், கனத்த தட்டும் கத்திகளும் சேமித்து வைத்த வேகத்தால் கத்தி தொடர்ந்து சுழலும். எஞ்சின் நின்றாலும் அப்படித்தான். எஞ்சின் ஓசை அடங்கியதும் காது 'நின்றுவிட்டது' என்று சொல்லும்; கண் தளத்தின் அடியைப் பார்க்காது. தமிழில் 'நின்னுருச்சு', மலையாளத்தில் 'நின்னு', இந்தி வழியாக வந்த 'பந்த்': மூன்று சொல்லும் எழுவாய் இல்லாமலே பொருள் தருகின்றன. ஓட்டுநர் வண்டியை எழுவாயாகக் கொண்டு சொன்னதை உதவியாள் கத்தியை எழுவாயாகக் கொண்டு கேட்டார். மொழியியல் மாணவர்களுக்குத் தோன்றா எழுவாய் என்று நாம் வகுப்பில் நடத்துவது, களத்தில் இரண்டு விரல்களின் விலைக்கு வருகிறது.

இந்தச் சிக்கலை வேறு இடங்களில் பொறியாலேயே தீர்த்தார்கள். அமெரிக்காவில் 1982-இல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டியின் பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்றது. ஏறி ஓட்டும் புல்வெட்டி வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள்; கத்திக்கு விசை கொடுத்தபடியே ஓட்டுபவர் எழுந்தால் விசை அறுபடும். டிராக்டரில் பூட்டிய ஸ்லாஷரில் இவை இரண்டும் இல்லையென்றே கொண்டு நடக்க வேண்டும். பொறி செய்யாத வேலையை ஒழுங்கு செய்ய வேண்டும்.

இங்கேதான் பூட்டுதல் என்ற சொல்லின் மற்றப் பொருள் வருகிறது. பூட்டு என்றால் இணை. பூட்டு என்றால் திறக்க முடியாதபடி அடை. ஆலைகளில் பொறியைப் பழுதுபார்க்கும் முன், அதன் விசை வழியை அடைத்து, பழுதுபார்ப்பவரே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. வேலை முடியும் வரை வேறு எவராலும் அப்பொறியை இயக்க முடியாது. டிராக்டருக்கு இதற்கென்று தனிப் பூட்டு தேவையில்லை; சாவியே போதும். நான் உடனிருந்த ஓட்டுநர் இதைத் தாமே ஒரு வழக்கமாக்கி வைத்திருந்தார். அடைப்பு எடுக்க வேண்டுமானால் பி.டி.ஓ.வை விடுவிப்பார், எஞ்சினை நிறுத்துவார், சாவியை உருவி உதவியாளின் கையில் கொடுப்பார். காரணம் கேட்டேன்.

“அடியில கை விடுறவன் மடியிலதான் தம்பி சாவி இருக்கோணும். எம்மடியில இருந்தா, நான் மறந்து போய் வண்டியில ஏறிட்டா அவன் என்ன பண்ணுவான்?”

“இதை யார் சொல்லிக் கொடுத்தாங்கண்ணா?”

“யாரும் சொல்லித் தரல. மாட்டுக்குக் கண்ணு தெரியும், இதுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

பராமரிப்பு முழுவதும் இந்த ஒரு வழக்கத்தின் விரிவே. சாவி கைக்கு வந்த பிறகு கத்தி அசைவற்று நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தூக்கிய தளத்தை ஹைட்ராலிக் மட்டும் தாங்கும்படி விட்டுவிட்டு அடியில் போகக் கூடாது. எண்ணெய் கசிந்தாலும் யாராவது நெம்புகோலைத் தொட்டாலும் சில குவிண்டால் இரும்பு இறங்கிவிடும். கனத்த மரக்கட்டையை இரண்டு பக்கமும் அடைகொடுத்த பிறகே குனிய வேண்டும். குழாயையும் கொடியையும் கையால் இழுக்காமல் கொக்கிக் கம்பியால் இழுக்க வேண்டும். சிக்கிய குழாய் விடுபடும்போது கத்தி திடீரென்று கால் சுற்று சுற்றக்கூடும். நாள்தோறும் இணைப்புகளுக்குக் கிரீஸ். வேலை தொடங்கிய அரை மணியில் கத்தி மரைகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்தல். கியர் பெட்டியின் எண்ணெய் மட்டம். தளத்தின் மேல் சேரும் காய்ந்த புல்லை அகற்றுதல். பருவம் முடிந்ததும் அடிப்பகுதியைக் கழுவித் துருவுக்கு எண்ணெய் பூசுதல். இவற்றில் எதுவும் கடினமானதன்று. எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும்.

நேரம் என்றால் வாடகை. இங்கே டிராக்டர் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. ஒரு முறை அடைப்பு எடுப்பதற்கு ஒழுங்கான முறையில் நான்கைந்து நிமிடம் ஆகும். எஞ்சின் ஓட, பாதி நின்ற கத்தியின் அடியில் கையை விட்டால் ஒரு நிமிடம். ஒரு பகலில் பத்து முறை அடைத்தால் வேறுபாடு அரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த அரை மணிக்கு யார் பணம் கொடுப்பது? மணி கணக்கிடும் உரிமையாளர் 'வண்டி சும்மா நின்ற நேரம்' என்கிறார். ஓட்டுநர் அதைத் தன் தலையில் ஏற்க விரும்புவதில்லை. உதவியாளுக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை. ஆனால் அந்த அரை மணியைத் தன் விரல்களால் மிச்சப்படுத்திக் கொடுப்பவர் அவர்தான். கவனக்குறைவு என்ற சொல் இந்தக் கணக்கை மறைக்கிறது என்பதே என் வாதம். ஒரு வேலையை ஆபத்தான முறையில் செய்தால் மட்டுமே கட்டுப்படியாகும்படி விலை வைத்துவிட்டு, செய்தவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்வதில் நேர்மை இல்லை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. பசுமைப் புரட்சிக்குப் பின் வடமாநிலங்களில் கதிரடிக்கும் பொறிகளில் கைகளை இழந்தவர்கள் பெருகியதன் விளைவாக, 1983-இல் ஆபத்தான பொறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிரடிக்கும் பொறியே அதன் முதல் இலக்கு. அதற்கும் முந்தைய 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், டிராக்டர் போன்ற பொறிகளைக் கொண்டு நடக்கும் உழவுவேலையில் அமர்த்தப்பட்டவர்களைத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அதே சட்டத்தின் இன்னொரு அட்டவணை உறுப்புகளைச் சதவீதமாக்கியது: கட்டைவிரலுக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50. அட்டவணையைப் படிக்கும்போது மனம் கூசுகிறது; ஆனால் அந்த எண்ணாவது ஒருவர் கேட்டுப் பெறக்கூடிய உரிமை. நான் சொன்ன இளைஞருக்கு அப்படி ஓர் உரிமை இருக்கலாம் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. மருத்துவச் செலவும் ரயில் கட்டணமும் கொடுத்து அனுப்பினார்கள். கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர், அவர்களுக்கும் தெரியாது.

ஆகவே செய்யக்கூடியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, வாடகை பேசும்போதே அடைப்பு எடுக்கும் நேரமும் வேலை நேரமே என்று பேசிக்கொள்வது. இதற்குச் சட்டமோ அரசாணையோ வேண்டியதில்லை. நாலு தோப்புக்காரர்கள் ஒப்புக்கொண்டால் ஊர் வழக்கமாகிவிடும். இரண்டாவது, பயிற்சி. கேரளத்தின் ஊராட்சிகளில் கர்மசேனை என்ற பெயரில் உழவுப் பணிக் குழுக்கள் பொறிகளைக் கையாளப் பயிற்சி பெறுகின்றன. அந்தப் பயிற்சி ஓட்டுபவரோடு நின்றுவிடாமல் உதவியாள் வரை செல்ல வேண்டும்; கையை உள்ளே விடுபவர் அவர்.

மூன்றாவது, மொழி. இதுவே என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது. நான் பார்த்த ஸ்லாஷர்களில் எச்சரிக்கை வாசகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, சிலவற்றில் இந்தியிலும். ஓட்டுபவர் தமிழர், தோப்புக்காரர் மலையாளி, உதவியாள் ஒடியா பேசுபவர். நானும் அந்த ஓட்டுநரும் சேர்ந்து ஒரு வாசகம் எழுதினோம். நான் முதலில் எழுதியது: 'கத்தி சுழலும்போது அருகில் செல்ல வேண்டா'. அவர் அதைப் படித்துவிட்டு, சுழலும்போது எவன் போகப்போகிறான், நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதானே போகிறான் என்றார். பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன்: 'சாவி உன் கையில். கத்தி உன் கண்ணில். கட்டை அடியில். அப்புறம் குனி.' நான்கு சிறு தொடர்கள். ஒவ்வொன்றிலும் எது எங்கே இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. மலையாளத்திலும் ஒடியாவிலும் நண்பர்கள் பெயர்த்துத் தந்தார்கள். வண்ணம் பூசிய தகட்டில் எழுதி வண்டியின் பின்காப்பில், குனிபவரின் கண்மட்டத்தில் பொருத்தியிருக்கிறார்.

பொறியியல் படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்குகளை உங்கள் ஊர் வண்டிகளில் அளந்து திருத்துங்கள். பி.டி.ஓ.வை விடுவித்த பிறகு கத்தி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை, ஒரு கடிகாரத்தோடு தொலைவில் நின்று, ஒவ்வொரு வண்டிக்கும் அளந்து அந்த எண்ணைத் தளத்தின்மேல் எழுதி வைக்கலாம். மொழி படிப்பவர்கள் உங்கள் பகுதியில் 'நின்றது' என்பதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், அதற்கு எழுவாய் எது என்று கேட்டுப் பாருங்கள். மூணாறு, பீர்மேடு பக்கம் தேயிலை வெட்டும் பொறிகளோடு வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களிடையே இருக்கும் நண்பர்கள் அங்குள்ள சொற்களைத் தொகுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஆய்வேட்டில் பூட்டுதல் என்ற பதிவுக்கு எதிரே 'ஏர் முதலியவற்றை இணைத்தல்' என்று மட்டுமே இருந்தது. திருத்தியபடியில் இரண்டாவது பொருளையும் சேர்த்திருக்கிறேன்: 'பொறியை நிறுத்திச் சாவியை, அடியில் குனிபவர் கையில் கொடுத்தல், பெருமாட்டி வட்டார வழக்கு.' இப்போதைக்கு இந்த வழக்கு ஒருவருடையது. வட்டார வழக்கு என்று அதை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறேன்.